டபிள்யூடி-40: கழற்றுவதில் கெட்டி, எண்ணெயாக அரைகுறை

கதவுக் கீல் முதல் சைக்கிள் செயின் வரை, கிரீச்சென்றால் உடனே கை போகும் நீல-மஞ்சள் ஸ்பிரே டப்பா. ஆனால் பெயரே வேறு வேலையைச் சொல்கிறது: டபிள்யூடி என்றால் நீரை விலக்குவது, 40 என்பது நாற்பதாவது கலவை. 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் காக்க உருவாக்கினார்கள். உள்ளே பெரும்பகுதி ஆவியாகிப் போகும் பெட்ரோலியக் கரைப்பான். மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான்.

துருப்பிடித்த நட்டு போல்ட்டுக்கு இதை நம்பி வாங்கலாம். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு, மரை தெரியும் இடத்தில் அடித்து 15 நிமிடம் விடுங்கள். சுத்தியலால் லேசாகத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் துளி அசைத்து, பிறகு கழற்றுங்கள். அசையவில்லையா? மறுபடி அடித்து ஓர் இரவு விடுங்கள். அவசரப்பட்டு ஸ்பேனரைத் திருகினால் நட்டின் முனைதான் மழுங்கும்.

கீலில் மேலோட்டமாக அடித்தால் சத்தம் நிற்கும், சில வாரங்களில் திரும்பும். இருந்த பழைய கிரீஸையும் கரைப்பான் கழுவிவிடுவதே காரணம். ஊசியை உருவி, கறுப்பு அழுக்கைத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுவதே சரி. சைக்கிள் செயினுக்கும் இதே கணக்கு: அழுக்கெடுக்க இது, ஓட்டத்துக்குச் செயின் ஆயில். பிரேக் பக்கம் மட்டும் ஒரு துளியும் தெறிக்கக் கூடாது, பிடிப்பு போய்விடும்.

சீலிங் ஃபேன் பேரிங்கில் அடிப்பது வீண்வேலை. மூடிய பேரிங்குக்குள் அது ஒழுங்காகப் போகாது, போனால் உள்ளிருக்கும் கிரீஸைக் கெடுக்கும். சத்தம் போடும் பேரிங்கை மாற்றத்தான் வேண்டும். மழையில் நனைந்து இறுகிய பூட்டுக்கு ஒருமுறை அடிக்கலாம். அடிக்கடி அடித்தால் எண்ணெயில் தூசி ஒட்டி மறுபடி இறுகும். சாவியில் பென்சில் கரியைத் தேய்த்துப் போடுவது மேல்.

பாத்திர ஸ்டிக்கர் பசையை எடுக்கும், உண்மை. தேங்காய் எண்ணெயும் எடுக்கும், சோப்புப் போட்டு விரட்டும் வாடையும் இராது. மிக்ஸி ஜார் பிளேடில் அடிக்காதீர்கள், சாப்பாட்டில் கலக்கும். ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் போன்றவை பெட்ரோலியம் பட்டால் உப்பக்கூடும், அங்கே சிலிக்கான் ஸ்பிரே. தையல் மிஷினுக்கு அதற்கான எண்ணெயே போதும், விலையும் குறைவு.

எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு இது. எரியும் அடுப்பருகே அடிக்கக் கூடாது, டப்பாவை வெயிலில் நிற்கும் காரில் விடக் கூடாது. வீட்டுக்குச் சின்ன டப்பா போதும். கூடவே ஒரு சிறு டப்பா கிரீஸும் வாங்கிவிடுங்கள்.