மாட்டுப் பொங்கல் காலையில் மடையான் கொக்கு எண்ணுவது: ஐந்து வருட அனுபவம்

முதல் வருடம் செங்கல்பட்டுப் பக்கம் மாமனார் ஊர் ஏரிக்கரைக்குப் பறவைகளை எண்ண பைனாகுலரோடு கிளம்பியபோது அவர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "உள்ளானை எண்ணவா போறீங்க? எங்க காலத்துல அது குழம்பு மாப்ளே." இப்போது எங்கள் நால்வரில் கண் கூர்மை அவருக்குத்தான். புத்தகத்தில் பெயர் தேடி நாங்கள் முழிக்கும்போது அவர் ஆக்காட்டி, மடையான், ரெட்டைவால் என்று சொல்லிக்கொண்டே போவார்.

2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பைச் சொல்கிறேன். பொங்கலை ஒட்டிய நாட்களில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணிக்கையோடு ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றவேண்டும், அவ்வளவுதான். கட்டணம் கிடையாது, மொட்டைமாடியே போதும்.

பைனாகுலர் பற்றி ஒன்று: பெரிதாகத் தெரியும் என்று முதலில் 10x50 (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 50 மி.மீ.) வாங்கினேன், தண்டம். ஒன்பது வயது மகள் கையில் அது ஆடிய ஆட்டத்தில் அவளுக்கு வானமும் வேலிக்காத்தானும் மாறி மாறித் தெரிந்ததுதான் மிச்சம். எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42க்கு மாறிய பிறகுதான் பறவை தெரிந்தது. குரலை வைத்துப் பெயர் சொல்லும் செயலியை முழுதாக நம்ப வேண்டாம், பக்கத்தில் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தால் அது உளறும்.

சலிப்பும் உண்டு, மறைக்கவில்லை. மகளுக்கு மாங்குயில் வேண்டும், வருவதோ காக்கா, மைனா, மறுபடியும் காக்கா. ஒருமுறை "நூறுன்னு போட்டுடலாம்பா" என்றாள். போடவில்லை, உட்கார்ந்து எண்ணினோம், 63. இப்படி ஆளாளுக்குப் போட்ட பட்டியல்களை வைத்துத்தான், 30,000க்கும் மேற்பட்டவர்களுடையது, 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 வகைப் பறவைகளின் நிலையை மதிப்பிட்டது. மயிலும் குயிலும் பெருகியிருப்பது அதில் தெரிந்தது. காக்காவை விட்டுவிட்டு அரியதை மட்டும் எழுதினால் எது கூடுகிறது எது குறைகிறது என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் அந்த நாணல் கதிர்குருவி. வேலிக்குள்ளிருந்து 'டக்... டக்' என்று நாக்கைச் சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம், மூன்று வருடம் கேட்டும் ஆளைப் பார்த்ததில்லை. நான்காம் வருடம் மகள் அசையாமல் பத்து நிமிடம் குந்தியிருந்து பார்த்துவிட்டாள்: மங்கலான பழுப்பு, கண்ணுக்கு மேல் வெளுத்த கோடு, 'இதுக்கா இவ்வளவு?' என்று தோன்றும் குருவி. பத்துப் பன்னிரண்டு கிராம் எடை, ரஷ்யா, மத்திய ஆசியாப் பக்கமிருந்து வருகிறது. சொன்னதும் தன் பென்சில் டப்பாவைக் கையில் தூக்கி எடை பார்த்தாள்.

பொங்கலன்று வீட்டில் அடுப்பை விட்டு யாரும் நகர முடியாது, மாட்டுப் பொங்கல் காலைதான் எங்களுக்குச் சரி. ஆறரைக்குப் போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் மாடுகளைக் குளிப்பாட்ட ஓட்டிவந்துவிடுவார்கள், தண்ணீரில் இருப்பதெல்லாம் எழும்பிவிடும், உண்ணிக்கொக்கு மட்டும் கூடும்.