டோ-அவுட்டா, நெகட்டிவ் கேம்பரா? ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரங்களுக்கு எது சரி

வளைவில் வண்டி சட்டென்று திரும்ப இரண்டு வழி சொல்வார்கள்: முன்சக்கரங்களுக்கு டோ-அவுட் வைப்பது, அல்லது நெகட்டிவ் கேம்பரை, அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும் அளவை, கூட்டுவது. இரண்டும் வேலை செய்யும் இடம் வேறு.

டோ-அவுட்டில் சக்கரங்களின் முன்பக்கம் சற்றே வெளியே பார்க்கும். உள்பக்கச் சக்கரம் ஏற்கெனவே வளைவை நோக்கியிருப்பதால் ஸ்டியரிங்கை அசைத்ததுமே வண்டி மூக்கைத் திருப்பும். செலவு கிடையாது, லாக் நட்டைத் தளர்த்தி டை ராடை (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) திருகினால் போதும். 1.5 மி.மீ. புரியுள்ள ராடில் கால் சுற்றுக்கே ரிம் விளிம்பில் ஏறக்குறைய 1 மி.மீ. மாறிவிடும். இருபக்கமும் சமமாகத் திருகாவிட்டால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். ஆனால் பலன் அந்த முதல் நொடியோடு சரி; வளைவின் நடுவே பிடிமானம் கூடாது. நேர்ச்சாலையில் வண்டி அலையும். டயர் எந்நேரமும் பக்கவாட்டில் தேய்த்தபடியே ஓடுவதால் உள்விளிம்பு சீக்கிரம் போய்விடும்.

கேம்பரின் கதை நேர்மாறு. வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்க டயர் தன் வெளிவிளிம்பில் நிற்கப் பார்க்கும். பல கார்களின் முன்பக்கத்தில் இருக்கும் மேக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) அந்தச் சாய்வை ஈடுகட்டும் அளவுக்குத் தானாகக் கேம்பர் தராது. நாம்தான் முன்கூட்டியே வைக்க வேண்டும். சாலைக்கு -1.5 முதல் -2 டிகிரி, டிராக்குக்கு -2.5 முதல் -3. அதற்கு மேல் போனால் நேராகப் பிரேக் பிடிக்கும்போது டயர் முழுதாகத் தரையில் படியாது.

பல வண்டிகளில் கேம்பரைத் திருத்த வசதியே இருக்காது. மலிவு வழி கேம்பர் போல்ட்: ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) சேரும் இடத்தில், வழக்கமாக மேல் துளையில் போடுவது. அதன் தண்டு ஒல்லி. இறுக்கும் டார்க் (முறுக்கு விசை) குறைந்தால் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் நழுவும், அளவு போய்விடும். ஸ்ட்ரட்டின் மேல்முனையில் பொருத்தும் கேம்பர் பிளேட் நழுவாது, மேலிருந்தே மாற்றலாம். ரப்பருக்குப் பதில் உலோக பேரிங் என்பதால் சத்தம் வரும், அதிர்வும் உள்ளே ஏறும். டிராக்குக்கும் சாலைக்கும் மாற்றி மாற்றி ஓட்டுபவருக்கு பிளேட்தான் சரி.

கேம்பரை மாற்றினால் டோவும் மாறும். அதனால் கேம்பர் முதலில், டோ கடைசியில். இதைத் தவறவிட்டுவிட்டு, டயர் தேய்ந்ததும் கேம்பர் மீது பழிபோடுவது வாடிக்கை. அளக்கும் முன் காற்றழுத்தம் சரிபார்த்து, ஓட்டுநர் எடையை இருக்கையில் வைத்து, ஜாக்கை இறக்கியதும் வண்டியைச் சில அடி உருட்டுங்கள். பால் ஜாயின்டிலோ புஷ்ஷிலோ ஆட்டம் இருந்தால் அளவெடுப்பதே வீண்.

அன்றாட ஓட்டத்துக்கு என் ஓட்டு கேம்பருக்கே: -1.5 டிகிரிக்குக் குறையாமல், முன் டோ பூஜ்யம். கூம்புகளுக்கிடையே ஓட்டும் குறுகிய போட்டிகளுக்கு மட்டும் இருபக்கமும் சேர்த்து 1 முதல் 2 மி.மீ. டோ-அவுட் சேர்க்கலாம். பின்சக்கரங்களில் லேசான டோ-இன் (முன்பக்கம் உள்ளே பார்ப்பது) இருக்கட்டும். அங்கே டோ-அவுட் வைத்தால் வேகமான வளைவில் வால் வீசும்.