'குரோமோலி' ஸ்டிக்கர் ஒட்டிய மவுண்டன் சைக்கிள் வாங்குவோருக்கு: திருகோணமலையிலிருந்து ஓர் எச்சரிக்கை

பாரம் குறைந்த உருக்குப் பிரேம் கொண்ட ஹார்ட்டெயில் மவுண்டன் சைக்கிள் ஒன்றைத் திருகோணமலையில் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதை முழுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சைக்கிள்களை விற்கும் கடை ஒன்றில், 'குரோமோலி 4130, டபுள் பட்டட்' என்ற ஸ்டிக்கர் ஒட்டிய சைக்கிளை 135,000 ரூபாவுக்கு நான் வாங்கினேன். குரோமோலி என்பது குரோமியமும் மொலிப்டினமும் கலந்த வலிமை கூடிய உருக்கு. ஆனால் அது குரோமோலி அல்ல. சந்தைக்கும் பாடசாலைக்கும் ஓடும் சைக்கிள்களில் இருக்கும் சாதாரண ஹை-டென் உருக்கு. என் முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அந்த ஏமாற்று எப்படி நடந்தது, அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதை மறைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள, பின்பக்கம் கட்டியான சைக்கிளைத்தான் ஹார்ட்டெயில் என்கிறோம். நான் ஓடும் பாதைகளுக்கு அதுவே பொருத்தம். அனுராதபுர வீதியிலிருந்து கன்னியாப் பக்கம் திரும்பினால் கிரவல் பாதைகள் தொடங்குகின்றன. பெரியகுளம் பக்கம் போனால் கல்லும் வேருமாக இருக்கும். சாம்பல்தீவைத் தாண்டி நிலாவெளிக்குப் போகும் வழியில் கடற்கரைப் பக்கம் இறங்கினால் மணல். இவற்றுக்குப் பின் சஸ்பென்ஷன் தேவையில்லை, அதன் மூட்டுகளைப் பராமரிக்க இங்கே உதிரிப்பாகமும் கிடைப்பதில்லை. அலுமினியத்தை விட்டு உருக்கைத் தேடியதற்கும் காரணம் உண்டு. நல்ல உருக்குக் குழாய் மெல்லியதாக இருப்பதால் சிறிதளவு வளைந்து கொடுத்து, கரடுமுரடான பாதையின் அதிர்வைத் தணிக்கும். குறிப்பிட்ட எல்லைக்குள் வரும் அழுத்தத்தை எத்தனை முறை தாங்கினாலும் களைத்து வெடிக்காது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை.

கடைக்காரர் என்னிடம் சொன்னவை நான்கு. சைக்கிளின் மொத்த நிறை 12.5 கிலோ, பிரேம் முழுவதும் குரோமோலி, முன் போர்க் காற்றழுத்தத்தில் இயங்கும் எயார் போர்க், குரோமியம் கலந்திருப்பதால் கடற்காற்றிலும் துருப்பிடிக்காது. இவற்றில் முதல் மூன்றையும் அவர் அனுப்பிய வட்ஸ்அப் விளம்பரத்திலும் எழுதியிருந்தார். நான் கேட்டபோது ஒரு சிறு காந்தத்தை எடுத்துக் குழாயில் ஒட்டிக் காட்டி, "பாருங்க தம்பி, அசல் குரோமோலி" என்றார். கடையில் தராசு இல்லை. பற்றுச்சீட்டில் 'மவுண்டன் சைக்கிள் 1' என்று மட்டும் எழுதினார். பிரேமின் உலோகத்தையும் எழுதித் தரும்படி கேட்டதற்கு, அப்படி எழுதுவது வழக்கமில்லை என்று மறுத்துவிட்டார்.

காந்தத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே வித்தையை வேறு இடங்களிலும் காட்டுகிறார்கள். காந்தம் குரோமோலியிலும் ஒட்டும், ஹை-டென்னிலும் ஒட்டும், கதவுப் பிணைச்சலிலும் ஒட்டும். அது அலுமினியம் அல்ல என்பதை மட்டுமே காந்தம் சொல்லும்.

முதல் வாரத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கோணேசர் கோயிலுக்குப் போகும் கோட்டை ஏற்றத்தில், என் பழைய சைக்கிளில் போட்ட அதே கியர் அளவில் ஏற முடியவில்லை. கல்லுப் பாதையில் அதிர்வு நேரே முதுகுக்கு வந்தது. சீற் தண்டும் இடைக்கிடை இறங்கிக்கொண்டிருந்ததால், நகரில் பல காலமாகச் சைக்கிள் திருத்தும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சீற் தண்டை வெளியே இழுத்து, அதன் அடியில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்த உடனேயே, "தம்பி, இது பாரம் குறைஞ்ச பிரேம் எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டார். பொறித்திருந்தது தண்டின் விட்டம்: 25.4 மில்லிமீற்றர். வேணியர் இடுக்கிமானியால் சீற் குழாயின் வெளி விட்டத்தை அளந்தோம்; 28.6 மில்லிமீற்றர் இருந்தது.

இந்த இரண்டு எண்களும் போதும். குழாயின் வெளி விட்டத்திலிருந்து தண்டின் விட்டத்தைக் கழித்து இரண்டால் பிரித்தால், குழாய்ச் சுவரின் தடிப்பு ஏறத்தாழக் கிடைத்துவிடும். என் சைக்கிளில் அது 1.6 மில்லிமீற்றர். நல்ல குரோமோலிப் பிரேம்களில் இதே 28.6 மில்லிமீற்றர்க் குழாய்க்குள் பெரும்பாலும் 27.2 மில்லிமீற்றர்த் தண்டு இறங்கும். அப்படியானால் சுவர் 0.7 மில்லிமீற்றர் மட்டுமே. வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் உருக்கின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் பார்த்தால், ஒரு மீற்றர் நீளத்துக்கு மெல்லிய குழாய் 480 கிராம் அளவிலும் தடித்த குழாய் 1,060 கிராமுக்கு மேலும் நிறுக்கும். ஒரே நீளம், வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பருமன், நிறையோ இரண்டு மடங்குக்கு மேல்.

விற்பவர்கள் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு தவறான எண்ணம் இங்கேதான் இருக்கிறது. குரோமோலி என்ற உலோகமே பாரம் குறைந்தது என்று பலர் நம்புகிறோம். உண்மையில் எல்லா உருக்குக்கும் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றுதான், ஒரு கன சென்ரிமீற்றருக்கு 7.85 கிராம், விறைப்புத் தன்மையும் கிட்டத்தட்ட ஒன்றேதான். வேறுபடுவது வலிமை. 4130 என்ற வகையில் ஏறத்தாழ ஒரு வீதம் குரோமியமும், 0.2 வீதம் அளவில் மொலிப்டினமும், 0.3 வீதம் அளவில் கரியும் இருப்பதால் அது அதிக அழுத்தத்தைத் தாங்குகிறது. தாங்குவதால் குழாயை மெல்லியதாக இழுக்க முடிகிறது. மெல்லியதாக இருப்பதால்தான் பாரம் குறைகிறது. 'பட்டட்' என்பது இதன் அடுத்த படி: மூட்டு வரும் இரு முனைகளில் சுவரைத் தடிப்பாக விட்டு, நடுப்பகுதியை மட்டும் மெலிதாக்குவது. இங்கிலாந்தில் ரெனால்ட்ஸ் நிறுவனத்தார் இந்த முறைக்கு 1897இல் காப்புரிமை பெற்றார்கள். அவர்களுடைய புகழ்பெற்ற 531 குழாய் 1935இல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை பாரம் குறைந்த உருக்குப் பிரேமின் இரகசியம் சுவரின் தடிப்புத்தான். ஆகவே ஒரு பிரேம் குரோமோலியாக இருந்தாலும்கூட, தடித்த குழாயில் செய்திருந்தால் அது பாரமாகத்தான் இருக்கும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

இந்த அளவைக்கு ஒரு வரம்பு உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். புதிய பிரேம்களில், ஓடும்போதே உயர்த்தித் தாழ்த்தும் தண்டைப் பொருத்துவதற்காக 30.9 அல்லது 31.6 மில்லிமீற்றர் உள் விட்டத்தில் சீற் குழாய் அமைத்து, அதன் மேல் முனையைத் தடிப்பாக்கியிருப்பார்கள். அங்கே வாயில் அளப்பது மட்டும் போதாது. சில பிரேம்களில் சிறிய தண்டுக்கு ஏற்ப உள்ளே ஒரு மெல்லிய உறை செருகியிருப்பார்கள். அதை வெளியே எடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். என்னுடையதில் உறை எதுவும் இல்லை. குழாயின் உட்புறத்தில் விரலை விட்டுத் தடவியபோது, நீளவாக்கில் ஒரு ஒட்டு வரம்பு தட்டுப்பட்டது. தகட்டைச் சுருட்டி ஒட்டிச் செய்யும் மலிவான குழாய்களில்தான் அப்படி வரம்பு தெரிவது வழக்கம். அதன் பிறகு பக்கத்து மீன்கடைத் தொங்கு தராசில் சைக்கிளை மாட்டினோம்: 16.3 கிலோ. சொன்னதற்கும் இருப்பதற்கும் நான்கு கிலோ அளவில் வித்தியாசம்.

துருவைப் பற்றிச் சொன்னதும் பொய். கறை பிடிக்காத உருக்கு என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது பத்தரை வீதம் அளவிலாவது குரோமியம் இருக்க வேண்டும். 4130இல் இருப்பது ஒரு வீதம். அசல் குரோமோலியே கடற்காற்றில் துருப்பிடிக்கும், சுவர் மெல்லியது என்பதால் அதில் துரு கூடுதல் ஆபத்தானதும்கூட. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில், வடகீழ்ப் பருவக்காற்று மழையில் உருக்குச் சைக்கிள் ஓடுபவர்கள், பெடல் அச்சுக் கூட்டின் அடியிலுள்ள வடிகால் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய்களின் உட்புறத்துக்கு எண்ணெய்ப் பூச்சு ஒன்றும் கொடுக்க வேண்டும். என் சைக்கிளில் அந்தத் துளையையே புதுப் பெயின்ற் அடைத்திருந்தது. ஐப்பசி மழை தொடங்கியபின் அச்சைக் கழற்றியபோது உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் வடிந்தது. அதே மழையில் குரோமோலி ஸ்டிக்கரின் ஒரு மூலையும் எழும்பியது. அதன் கீழே, வேறு அளவில் முன்பிருந்த ஸ்டிக்கர் ஒன்றின் தடம் பெயின்றில் தெளிவாகத் தெரிந்தது.

எயார் போர்க் என்று சொன்னதும் சுருள் கம்பிப் போர்க்தான். காற்றில் இயங்கும் போர்க்கின் ஒரு காலின் உச்சியில், பெரும்பாலும் இடது காலில், மூடியைக் கழற்றினால் மோட்டார் சைக்கிள் ரியூப்பில் இருப்பதைப் போன்ற வால்வு இருக்கும். என்னுடையதில் இருந்தது கம்பியின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்ரிக் குமிழ். கழற்றி நிறுத்தபோது போர்க் மட்டும் 2.6 கிலோ வந்தது. நல்ல எயார் போர்க்குகள் 1.6 முதல் 2 கிலோவுக்குள் அடங்கும். பின் சில்லிலும் பழைய முறையிலான, ஹப்பில் திருகி மாட்டும் ஏழு பற்சில்லுத் தொகுதியே இருந்தது. அந்த அமைப்பில் அச்சுக்குத் தாங்குதல் குறைவு. கல்லுப் பாதையில் அச்சு வளையக்கூடும்.

ஹை-டென் கெட்ட உலோகம் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டிலிருந்து சந்தைக்கும் வேலைக்கும் போய்வர அது தாராளமாகப் போதும், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அந்தச் சைக்கிளை அதற்குரிய பெயரில், அதற்குரிய விலையில் விற்றிருந்தால் எனக்கு ஒரு சொல் சொல்ல இல்லை. பெயரை மாற்றி ஒட்டி, அந்தப் பெயருக்கான விலையை வாங்கியதுதான் குற்றம். மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து இப்படி ஒன்றை வாங்கும் இளைஞர்கள் இந்த ஊரில் பலர் இருக்கிறார்கள், அவர்களை நினைத்தே எனக்குக் கோபம் வருகிறது.

அளவுகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஸ்டிக்கர் ஜப்பானிலிருந்தே அப்படித்தான் வந்தது, தாங்கள் வாங்கி விற்பவர்கள் மட்டுமே என்றார் கடைக்காரர். புதுப் பெயின்ற் யார் அடித்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைசியில், 50,000 ரூபாவுக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்டு, பின்னர் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். பற்றுச்சீட்டில் உலோகத்தின் பெயர் இல்லாத குறையை வட்ஸ்அப் விளம்பரம்தான் நிரப்பியது. அதைக் கடைக்காரர் பின்னர் தன் பக்கத்தில் அழித்துவிட்டார். நான் முன்பே படமாக எடுத்து வைத்திருந்தேன்.

இனி வாங்கப் போகிறவர்கள் சீற் தண்டைக் கழற்றிப் பார்க்க அனுமதிக்காத கடையில் நிற்கவே வேண்டாம். அறுகோணச் சாவி (அலன் கீ) ஒன்றும், வேணியர் இடுக்கிமானியும், மீன் நிறுக்கும் தொங்கு தராசும் இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் கடை வாசலிலேயே செய்துவிடலாம். பாவித்த பிரேமுக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால், ஹாண்டில் குழாயுடன் கீழ்க் குழாய் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை ரோர்ச் அடித்து, நகத்தால் தடவிப் பாருங்கள். முன்பு மோதுண்ட சைக்கிள் என்றால் அங்கேதான் பெயின்ற் சுருங்கியோ குழாய் புடைத்தோ இருக்கும். அங்கே ஒட்டு வேலை செய்த அடையாளம் தெரிந்தால் விட்டுவிடுங்கள், ஏனென்றால் மெல்லிய குரோமோலிக் குழாயைக் கேற் செய்யும் பட்டறையின் சாதாரண மின் ஒட்டு எரித்துவிடும். அதற்கு ரிக் (TIG) முறை ஒட்டோ பித்தளை ஒட்டோ வேண்டும். விலை பேசி முடிந்ததும், பிரேமின் உலோகம், மொத்த நிறை, போர்க்கின் வகை ஆகிய மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி கேளுங்கள். பொருள் அசல் என்றால் எழுதுவதில் அவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

ஏற்கெனவே இதேபோன்ற ஸ்டிக்கருடன் சைக்கிள் வாங்கியவர்கள் இன்றே தண்டைக் கழற்றி அளந்து பாருங்கள். விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் நிபந்தனை. பற்றுச்சீட்டின் பிரதி, விளம்பரத்தின் படம், தராசில் மாட்டியபடி எடுத்த படம், இடுக்கிமானி அளவு தெரியும் படம் ஆகியவற்றை முறைப்பாட்டுடன் இணையுங்கள்.