சத்யா (இந்தி, 1998): பிக்கு மாத்ரேவைத் தாண்டிக் கேட்க வேண்டிய படம்

கமலின் 1988 'சத்யா'வோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ராம் கோபால் வர்மா இந்தியில் இயக்கி, 1998 ஜூலை 3 அன்று வெளியான மும்பை நிழலுலகப் படம். 2025 ஜனவரியில் திரையரங்குகளில் மறுபடியும் வெளியானது. படத்தின் பேரைச் சொன்னதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மனோஜ் பாஜ்பாய் நடித்த தாதா பிக்கு மாத்ரேதான்.

விமர்சகர்கள் அன்றைக்கே கொண்டாடிய படம். நடிப்பு, அனுராக் காஷ்யப்பும் சௌரப் சுக்லாவும் எழுதிய திரைக்கதை, இயக்கம் எல்லாவற்றுக்கும் பாராட்டு கிடைத்தது. மனோஜுக்குத் துணை நடிகருக்கான தேசிய விருது வந்தது. ஃபிலிம்ஃபேரில் கிடைத்த ஆறில் மூன்று விமர்சகர் விருதுகள்: படம், நடிகர் மனோஜ், நடிகை ஷெஃபாலி. மற்ற மூன்றும் பின்னணி இசை, படத்தொகுப்பு, ஒலி. சிறந்த படத்துக்கான பொது விருதை 'குச் குச் ஹோதா ஹை' வாங்கியது.

அந்தக் கடைசி மூன்று விருதுகளைப் பற்றித்தான் போதிய அளவு பேசப்படவில்லை. ஒலிக்கு விருது வாங்கியவர் சென்னையின் எச். ஸ்ரீதர், அதே ஆண்டுப் படமான 'தில் சே'வுக்காகத் தேசிய விருதும் பெற்றவர். விநாயகர் ஊர்வலத்தில் அரசியல்வாதி பாவு தாக்குர்தாஸை, பிக்குவின் கூட்டாளியான நாயகன் சத்யா கத்தியால் குத்தும் காட்சியைக் காதால் கவனியுங்கள். அத்தனை பெரிய கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு கொலை நடக்கிறது. அந்த இரைச்சல்தான் கொலைகாரனுக்கு மறைவு. தியேட்டர் காட்சியும் அப்படித்தான். வாசல்களைப் போலீஸ் மறித்து நிற்க, சத்யா சுடும் ஒரே தோட்டா கூட்டத்தைக் கலைத்து நெரிசலாக்கிவிடுகிறது. ஒரு சத்தம்தான் கதையைத் திருப்புகிறது.

பிக்குவின் சாவு இதற்கு நேர் எதிர். எதிரிக் கும்பலின் தலைவன் குரு நாராயணைத் தொடாதே என்ற பாவுவின் பேச்சை மீறியவன் அவன். பாவுவின் தேர்தல் வெற்றிக் கொண்டாட்டத்தில், பேச்சும் சிரிப்பும் ஓடும்போதே தலையில் சுடப்படுகிறான். இழுவை கிடையாது. மூன்று மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவான படத்தில் பார்வையாளர் மிகவும் நேசித்த ஆளை அனுப்பிவைக்க எடுத்துக்கொண்டது சில விநாடிகள். இந்தத் துணிச்சல்தான் அதற்கு முந்தைய பெரும்பாலான தாதா படங்களிலிருந்து இதைப் பிரித்து நிறுத்துகிறது.

ஷெஃபாலி நடித்த ப்யாரி வரும் நேரம் குறைவு. ஆனால் கணவனைத் திட்டி, திருப்பி அடிக்கும் அந்த ஓரிரு வீட்டுக் காட்சிகளில்தான் பிக்கு வெறும் ரவுடியாக இல்லாமல் குடும்பஸ்தனாகிறான்.

குறையும் உண்டு. விஷால் பரத்வாஜின் பாடல்கள் தனியாகக் கேட்க அருமை; மனோ பாடிய 'கல்லு மாமா' கூட்டாளிகளின் குடி இரவாகவே வருவதால் கதையோடு ஒட்டுகிறது. நாயகி ஊர்மிளா வரும் காதல் பாடல்களோ, அழுக்குச் சந்துகளிலிருந்து நம்மைப் பிடுங்கி வேறொரு படத்தில் கொண்டுபோய்ப் போடுகின்றன. சத்யாவாக வரும் ஜே.டி. சக்கரவர்த்தியின் முன்கதையைச் சொல்லாமல் விட்டது சரியான முடிவு. ஆனால் எதிரே மனோஜ் பொங்கும்போது அந்த மௌனம் சில இடங்களில் வெறுமையாகத் தெரிகிறது. சந்தீப் சௌட்டாவின் பின்னணி இசை மிரட்டல். ஒன்றிரண்டு இடங்களில் வசனத்தை அமுக்கவும் செய்கிறது.

ஃபோன் ஸ்பீக்கரில் பார்த்தால் பாதிப் படம் போய்விடும். நல்ல ஹெட்ஃபோன் போட்டு, இந்தி தெரியாவிட்டால் சப்டைட்டிலோடு, ஒரே மூச்சில் பாருங்கள்.