ஐந்து பவுன்: நகையா, தங்க ஈடிஎஃப்பா?

மகளின் திருமணத்துக்கென ஐந்து பவுன், அதாவது 40 கிராம், சேர்க்க நினைக்கும் குடும்பத்தில், அதை நகையாக வாங்குவதா, தங்க ஈடிஎஃப்பாக (தங்கத்தின் விலையைப் பின்தொடரும், பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் நிதி அலகுகள்) வாங்குவதா என்று கணக்கு ஒரு பக்கமும் மனம் மறுபக்கமும் இழுப்பது வழக்கம்.

கணக்கில் நகை தோற்றுவிடுகிறது. சேதாரம் நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால், 4 கிராம் கழுத்தில் ஏறாமலேயே விலையில் ஏறிவிடுகிறது. அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி வேறு. விற்கப் போகும் நாளில் இவ்விரண்டும் திரும்புவதில்லை என்பதோடு, கல் பதித்திருந்தால் அதன் எடையையும் கழித்துவிடுவார்கள். ஈடிஎஃப்பில் சிறு நிர்வாகச் செலவும் தரகும் மட்டுமே உண்டு. திருட்டுப் பயமும் இல்லை.

ஆனால், உணர்ச்சி என்று நாம் ஒதுக்கும் பக்கத்தில் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஈடிஎஃப் அலகுகள் மின்னணு வடிவில் இருக்கும் டிமேட் கணக்கைப் பல வீடுகளில் கணவரே கையாளுகிறார். கழுத்துச் சங்கிலியோ, சீதனம் என்ற முறையில் சட்டப்படியும் பெண்ணுக்கே உரியது. திடீர் மருத்துவச் செலவு வந்தால், பங்குச்சந்தை பற்றி எதுவும் அறியாதவரும் அதை அடகு வைத்து அன்றைக்கே பணம் பெறலாம். பாட்டியின் அட்டிகையை விற்க மனம் வராத தயக்கம்தான் (பகுத்தறிவாளர்கள் சிரிக்கலாம்), விலை சற்று ஏறியதும் விற்றுச் செலவழித்துவிடாமல் அந்தத் தங்கத்தைத் தலைமுறைகள் கடந்து காப்பாற்றி வந்திருக்கிறது.

நானாக இருந்தால், அன்றாடம் அணிய இரண்டு பவுனை நகையாகவும் மீதி மூன்றை ஈடிஎஃப்பாகவும் வாங்குவேன். வங்கி லாக்கரிலேயே கிடக்கப்போகும் ஆரத்துக்குச் சேதாரம் கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.