புதிய ஆர்.வி. வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: பேட்டரிக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள்

அமெரிக்காவில் ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள பயண வண்டி) வாங்கும், அதாவது வண்டியில் இழுத்துச் செல்லும் பயண டிரெய்லரோ தானே ஓடும் மோட்டார் ஹோமோ வாங்கும் எண்ணத்தில் இருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். வர்ஜீனியாவில் ஒரு பெரிய ஆர்.வி. டீலரிடம் நாங்கள் புதிதாக வாங்கிய டிரெய்லரில், ஏற்கெனவே உயிர்போன பேட்டரியைப் பொருத்திக் கொடுத்தார்கள். அதை மாற்றித் தரும்படி கேட்டபோது, டீலரும் டிரெய்லர் உற்பத்தியாளரும் பேட்டரி நிறுவனமும் கூடுதல் உத்தரவாத ஒப்பந்தத்தை நிர்வகிக்கும் நிறுவனமும் ஒருவர் மாற்றி ஒருவரைக் கைகாட்டினார்கள். ஒரு பேட்டரியின் விலைக்காக இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். பல்லாயிரம் டாலர் கொடுத்து வாங்கும் வண்டியில், எந்த உத்தரவாதத்துக்குள்ளும் வராத ஒரு பாகம் இருக்கிறது என்பதும், அந்தப் பாகம் இல்லாமல் வண்டியில் ஏறக்குறைய எதுவுமே இயங்காது என்பதும் கையெழுத்திடும் முன் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் இந்த ஓட்டை எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவின் பெரும்பாலான ஆர்.வி.க்கள் இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் தயாராகின்றன. அங்கிருந்து வரும் பயண டிரெய்லர்களில் பெரும்பாலும் பேட்டரி இருக்காது. முன்புறக் கொக்கியின் மேல் ஒரு காலித் தட்டும் இரண்டு கம்பிகளும் மட்டுமே இருக்கும். டீலர்தான் தன் கிடங்கிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து அதில் வைக்கிறார். ஆகவே உற்பத்தியாளர் தரும் ஓராண்டு உத்தரவாதத்தைப் படித்தால், டயர்களுக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்தவர்களே பொறுப்பு என்ற வரி தவறாமல் இருக்கும். விற்பனை மேசையில் "எல்லாவற்றுக்கும் ஓராண்டு" என்று சொல்லப்படும்போது இந்த வரியை யாரும் நினைவூட்டுவதில்லை.

டிரெய்லரை ஒப்படைத்த நாளில் ஊழியர் ஒருவர் ஒவ்வொரு கருவியையும் இயக்கிக் காட்டினார். விளக்குகள் எரிந்தன, பக்கவாட்டு அறை வெளியே நீண்டு உள்ளே வந்தது, தண்ணீர் பம்பு ஓடியது, ஹீட்டர் சூடான காற்றை வீசியது. ஆனால் அந்த நேரம் முழுவதும் டிரெய்லர் கட்டடத்தின் மின் இணைப்பில் செருகப்பட்டிருந்தது. உள்ளே இருக்கும் கன்வெர்ட்டர் என்ற கருவி 120 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றி எல்லாவற்றையும் ஓட்டிவிடும். பேட்டரி முற்றிலும் பழுதாகியிருந்தாலும் வேறுபாடு தெரியாது. சோதனைப் பட்டியலில் 'பேட்டரி' என்ற வரிக்கு நேரே சரி என்ற குறியும் போட்டிருந்தார்கள். எதை வைத்து அந்தக் குறியைப் போட்டார்கள் என்று பிறகு கேட்டபோது விடை கிடைக்கவில்லை.

குழந்தைகளுடன் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவின் பிக் மெடோஸ் முகாமுக்கு அக்டோபரில் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. அங்கே மின் இணைப்பு கிடையாது; சுமார் 3,500 அடி உயரம்; இரவில் குளிர் கடுமை. முன்னிரவிலேயே ஹீட்டரின் விசிறி மெல்லத் தளர்ந்து நின்றது, சமையல் எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவி மின்னழுத்தம் குறைந்துவிட்டதாகக் கூவத் தொடங்கியது, எரிவாயுவில் ஓட வேண்டிய குளிர்பெட்டியும் அதன் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மின்சாரம் இல்லாமல் அணைந்தது. காலையில் பக்கவாட்டு அறையை உள்ளே இழுக்க முடியாமல், காரின் பேட்டரியிலிருந்து கம்பி போட்டுத்தான் கிளம்ப முடிந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி நடந்திருக்கவே கூடாது. எங்கள் டிரெய்லரில் இருந்தது குரூப் 24 என்ற அளவுள்ள ஈய-அமில டீப் சைக்கிள் (நீண்ட நேரம் மின்சாரம் தரக்கூடிய) பேட்டரி. அதன் கொள்ளளவு சுமார் 80 ஆம்பியர்-மணி. பேட்டரி கெடாமல் இருக்க அதில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் 40 கிடைக்கும். ஹீட்டரின் விசிறி ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். அதுவும் விட்டுவிட்டுத்தான் ஓடும். ஓர் இரவை அது தாங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முழுதாக மின்னேற்றி, இணைப்பைப் பிடுங்கி, சில மணிநேரம் ஆறவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தேன். நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். இது சற்றுக் குறைவாகக் காட்டியது. விசிறியை ஓடவிட்ட சில நிமிடங்களிலேயே 11-க்குக் கீழே சரிந்தது. மின்துறையில் பணிபுரியும் நண்பர் ஒருவர் பேட்டரியின் மேலிருந்த ஒட்டுத்தாளைத் துடைத்துப் பார்த்து, மாதத்துக்கு ஓர் எழுத்தும் ஆண்டுக்கு ஓர் எண்ணும் கொண்ட தேதிக் குறியைக் காட்டினார். நாங்கள் டிரெய்லரை வாங்கிய நாளுக்கு ஒன்றரை ஆண்டுக்கும் முன்னரே தயாரான பேட்டரி அது.

அந்த ஒன்றரை ஆண்டில் அதற்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. விற்பனை வளாகத்தில் மின் இணைப்பின்றி நிற்கும் டிரெய்லரில் எரிவாயுக் கசிவுக் கருவி, ரேடியோவின் நினைவகம் போன்றவை இரவும் பகலும் சிறிது சிறிதாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சை அணைத்தாலும் சில கருவிகள் நேரடியாகப் பேட்டரியோடு இணைந்திருப்பதால் உறிஞ்சல் நிற்காது. ஓரிரு மாதங்களில் பேட்டரி வடிந்துவிடும். வடிந்த நிலையில் விட்டுவைத்தால் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. போதாததற்கு, முழு மின்னேற்றமுள்ள பேட்டரி மைனஸ் 50 டிகிரி செல்சியஸிலும் உறையாது. முற்றிலும் வடிந்த பேட்டரியோ மைனஸ் 10-ஐ எட்டும் முன்பே உறைந்துவிடும். திறந்த வெளியில் ஒரு குளிர்காலத்தைக் கழித்த பேட்டரிக்கு அதுவும் நேர்ந்திருக்கலாம்.

டீலரின் பழுதுபார்ப்புப் பிரிவு ஒரு சோதனைக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, பேட்டரி போய்விட்டது, ஆனால் முகாமில் நாங்கள் அளவுக்கு மீறி வடியவிட்டதுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்தது. உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் சேவை, பேட்டரி தங்களுடையதல்ல என்றது; அது உண்மையும்கூட. பேட்டரி நிறுவனம் வாங்கிய ரசீதைக் கேட்டது. ரசீது இல்லாவிட்டால் உற்பத்தித் தேதியிலிருந்தே உத்தரவாதக் காலத்தைக் கணக்கிடுவார்கள் என்பதால், எங்களுடையது நாங்கள் வாங்கும் முன்பே காலாவதியாகியிருந்தது. எங்கள் விற்பனைச் சீட்டில் பேட்டரிக்கென்று தனி வரியே இல்லை. 'ஒப்படைப்புத் தயாரிப்பு' என்ற பெயரில் வசூலித்த ஒரு பெரும் தொகைக்குள் பேட்டரி, எரிவாயு உருளைகள், குழாய்கள் எல்லாவற்றையும் அடக்கிவிட்டிருந்தார்கள். என்னைப் பொறுத்தவரை முழு மோசடியின் முடிச்சும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. தனி வரி இருந்திருந்தால் வாங்கிய நாள் நிரூபணமாகியிருக்கும், பேட்டரி நிறுவனம் மறுத்திருக்க முடியாது, பழைய சரக்கைத் தள்ளிவிட்டது யார் என்பதும் வெளிப்பட்டிருக்கும்.

கூடுதல் உத்தரவாதம் என்று கடன் பிரிவில் விற்கிறார்களே, அது சட்டப்படி உத்தரவாதமே அல்ல. தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு தரும் பராமரிப்பு ஒப்பந்தம். எங்களுடைய ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலில், தேயும் பொருள்களின் வரிசையில் பேட்டரியின் பெயர் இருக்கிறது. விற்றவர் அதே மேசையில் "முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை" என்று உறுதி சொல்லியிருந்தார். வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை என்பதற்கான வரியும் அந்த ஒப்பந்தத்திலேயே உண்டு. இவ்வளவும் நடந்த பிறகு அதே நிறுவனம் லித்தியம் பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு பெரிய விலைப்பட்டியலை நீட்டியது. எங்கள் டிரெய்லரிலுள்ள கன்வெர்ட்டர் அதற்கு ஏற்ற மின்னழுத்தத்தைத் தருமா என்பதையோ, உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை மின்னேற்றக் கூடாது என்பதையோ அவர்கள் குறிப்பிடவே இல்லை.

இதில் எனக்கு அதிகமாகக் கோபம் வருவது வேறொரு காரணத்தால். ஓடும்போது டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால், ஒரு மெல்லிய கம்பி இழுபட்டு, டிரெய்லரின் மின் பிரேக்குகள் தாமாகவே பிடிக்க வேண்டும். அந்த மின்சாரம் வருவது இதே பேட்டரியிலிருந்துதான். உயிர்போன பேட்டரியோடு ஒரு குடும்பத்தை நெடுஞ்சாலைக்கு அனுப்பியவர்கள் அதை வெறும் 'தேயும் பொருள்' என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டத்தில் இடமே இல்லாமல் இல்லை. 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டத்தின்படி, எழுத்துப்பூர்வமான உத்தரவாதம் தரும் விற்பனையாளரோ, விற்ற 90 நாட்களுக்குள் தானே பராமரிப்பு ஒப்பந்தம் செய்துகொள்பவரோ, பொருள் அதன் வழக்கமான பயனுக்குத் தகுதியாக இருக்கும் என்ற உள்ளார்ந்த உத்தரவாதத்தை மறுத்துவிட முடியாது. எங்கள் டீலர், 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்ற வரியைக் காட்டியே பேசினார். ஆனால் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கடமைப்பட்டவர் என்ற இடத்தில் டீலரின் பெயரே அச்சாகியிருக்கிறது. மற்ற நிறுவனம் வெறும் நிர்வாகிதான். உங்கள் ஒப்பந்தத்திலும் அந்த இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மேரிலாண்ட், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் நுகர்வோர் பொருள்களுக்கு 'உள்ளது உள்ளபடி' என்ற விலக்கே பொதுவாகச் செல்லாது. குறையுள்ள புதிய வண்டி வாங்கியவர்களுக்குப் பாதுகாப்பளிக்கும் மாநில லெமன் சட்டத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்: டெக்சஸ் இழுத்துச் செல்லும் ஆர்.வி.க்களையும் அதில் சேர்க்கிறது. கலிஃபோர்னியாவிலோ மோட்டார் ஹோமின் வசிப்பிடப் பகுதி அந்தச் சட்டத்துக்குள் வராது.

வாங்கப் போகிறவர்கள், ஒப்படைக்கும் நாளில் டிரெய்லரை மின் இணைப்பிலிருந்து கழற்றச் சொல்லி, குறைந்தது ஒரு மணி நேரம் ஹீட்டரையும் விளக்குகளையும் பேட்டரியில் மட்டும் ஓடவிட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் வோல்ட் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதிக் குறியைப் படம் எடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழையதென்றால் வேறு பேட்டரி கேளுங்கள். விற்பனைச் சீட்டில் பேட்டரியின் பெயர், விலை, உத்தரவாதக் காலம் ஆகியவற்றைத் தனி வரியாக எழுதவும், பழுதானால் டீலரே மாற்றித் தருவார் என்று ஒரு வாக்கியம் சேர்த்துக் கையெழுத்திடவும் வற்புறுத்துங்கள். ஒரு டிரெய்லரின் விலையோடு ஒப்பிட்டால் இது அவர்களுக்கு மிகச் சிறிய செலவு. மறுத்தால் அதற்குக் காரணம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

தேதிக் குறியின் படம், வோல்ட் அளவுகள், ஒப்பந்தத்தின் பக்கம் ஆகியவற்றை இணைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிய பிறகு, டீலர் புதிய பேட்டரிக்குப் பாதி விலை தருவதாகச் சொன்னார். அதற்கு ஈடாக வேறு எந்தக் குறைக்கும் உரிமை கோர மாட்டோம் என்று கையெழுத்துக் கேட்டார். நாங்கள் மறுத்துவிட்டோம். மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். அங்கே தீராவிட்டால், 5,000 டாலர் வரையிலான கோரிக்கைகளை ஏற்கும் வர்ஜீனியாவின் சிறு வழக்கு நீதிமன்றத்தில் மனு செய்யப் போகிறோம்.