ஒரே வளைவு, வெவ்வேறு உலோகங்கள்: தகடு வளைப்பின் சிமுலேஷனில் எந்த மாதிரி எதற்குப் பொருந்தும்?

இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு தகட்டைப் பத்து மில்லிமீட்டர் உள்ஆரத்தில் 90 டிகிரிக்கு வளைப்பதாக வைத்துக்கொள்வோம். பிரஸ் பிரேக் என்ற வளைப்பு இயந்திரத்தின் பஞ்ச் இறங்கித் தகட்டை டையின் வி-பள்ளத்துக்குள் அழுத்துகிறது. பஞ்ச் மேலெழுந்த கணமே தகடு ஓரளவு விரிந்துகொள்கிறது. ஸ்பிரிங்பேக் எனப்படும் இந்த விரிவு எத்தனை டிகிரி என்பதே சிமுலேஷனிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி. எல்எஸ்-டைனா, அபாகஸ், ஆட்டோஃபார்ம், பாம்-ஸ்டாம்ப் என எந்த மென்பொருளைத் திறந்தாலும் உலோகத்தின் நடத்தையை விவரிக்கும் பொருள்மாதிரிகள் பல இருக்கின்றன. எதைத் தேர்ந்தாலும் கணினி தயங்காமல் ஒரு விடையைத் தந்துவிடும். அந்த விடை பட்டறையில் பொய்த்துப்போனால், கணிப்புக்காகத் தகட்டைச் சிறு துண்டுகளாகப் பிரித்த வலைப்பின்னலை இன்னும் நுணுக்கமாக்கி மறுபடியும் ஓட்டிப் பார்ப்பதே வழக்கமாக இருக்கிறது. பிழை பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை என்பது என் கருத்து. மைல்டு ஸ்டீலுக்குப் பொருந்திய மாதிரியை அப்படியே அலுமினியத்துக்கும், மென்மையும் கடினமுமான இரு உள்ளமைப்புகள் கலந்த டூயல் ஃபேஸ் எஃகுக்கும் எடுத்துச் செல்வதில்தான் அது ஒளிந்திருக்கிறது.

கைக்கணக்கோடு தொடங்கினால்

ஒப்பீட்டில் முதல் போட்டியாளர் மென்பொருளே அல்ல, 1957-இல் கார்டினர் தந்த சூத்திரம். உலோகம் நிரந்தரமாக நெகிழத் தொடங்கும் தகைவு (பரப்பலகுக்கான விசை) யீல்டு தகைவு; மீள்தன்மை எல்லைக்குள் உலோகம் காட்டும் விறைப்பு யங் குணகம். வளைவின் ஆரத்தை யீல்டு தகைவால் பெருக்கி, அதைத் தடிமனும் யங் குணகமும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணின் மும்மடியை நான்கால் பெருக்கி, அதிலிருந்து அதே எண்ணின் மூன்று மடங்கைக் கழித்து, ஒன்றைக் கூட்டினால், அழுத்தம் நீங்குவதற்கு முந்தைய ஆரத்துக்கும் பிந்தைய ஆரத்துக்கும் உள்ள விகிதம் வந்துவிடும். நமது எடுத்துக்காட்டில் ஆரம் தடிமனைப் போல் ஐந்து மடங்கு. யீல்டு தகைவு 180 மெகாபாஸ்கலும் யங் குணகம் 208 ஜிகாபாஸ்கலும் உள்ள மைல்டு ஸ்டீலுக்கு விடை ஏறத்தாழ 1.2 டிகிரி. 290 மெகாபாஸ்கலில் நெகிழத் தொடங்கும் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 2 டிகிரி, 480 மெகாபாஸ்கல் கொண்ட டிபி 780 என்ற டூயல் ஃபேஸ் எஃகுக்கு 3.1 டிகிரி, 5052-எச்32 அலுமினியத்துக்கு 3.7 டிகிரி, 6061-டி6 அலுமினியத்துக்கு 5.4 டிகிரி, ஆறு விழுக்காடு அலுமினியமும் நான்கு விழுக்காடு வனேடியமும் கலந்த டைட்டேனியத்துக்குப் பத்து டிகிரிக்குச் சற்று மேல்.

இவற்றில் கவனிக்க வேண்டியது 5052 அலுமினியம். அதன் யீல்டு தகைவு மைல்டு ஸ்டீலை ஒட்டியே, 193 மெகாபாஸ்கல் அளவில், இருக்கிறது. ஆனால் யங் குணகம் 70 ஜிகாபாஸ்கல் மட்டுமே என்பதால் விரிவு மூன்று மடங்காகிவிடுகிறது. வலிமை குறைந்த உலோகம் சொன்னபடி வளையும் என்ற எண்ணம் இங்கே அடிபட்டுப்போகிறது. மைல்டு ஸ்டீலில் எளிய வி-வளைவு மட்டுமே வேலை என்றால், இந்தச் சூத்திரமும் ஒரேயொரு சோதனை வளைவும் போதும். அதற்கு மேல், தகட்டை எலிமெண்ட் எனும் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமெண்ட் கணிப்பில் நேரம் செலவழிப்பதற்கு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

திசைக்குத் திசை மாறும் உலோகம்

சூத்திரம் விட்டுவிடுவது என்ன என்று பார்த்தால்தான் மற்ற மாதிரிகளின் மதிப்பு புரியும். அகலமான தகட்டை வளைக்கும்போது அகலவாக்கில் அது சுருங்க முடியாது. இந்தக் கட்டுப்பாடு உலோகத்தை, எளிய இழுவைச் சோதனை காட்டுவதைவிட வலுவாக எதிர்க்கச் செய்கிறது. எல்லாத் திசையிலும் ஒரே இயல்பு எனக் கொள்ளும் ஃபான் மீசஸ் விதிப்படி இந்தக் கூடுதல் 15 விழுக்காடு. உருட்டி எடுத்த தகட்டுக்கோ திசைக்குத் திசை இயல்பு வேறுபடும். இழுக்கும்போது ஏற்படும் அகலவாக்குத் திரிபுக்கும் (திரிபு என்பது அளவு மாறும் விகிதம்) தடிமன்வாக்குத் திரிபுக்கும் உள்ள விகிதமாகிய லாங்ஃபோர்டு மதிப்பு அதை அளக்கிறது. ஆழ இழுப்புக்கான மைல்டு ஸ்டீலில் இது 1.5 முதல் 2 வரை இருக்கும், அலுமினியக் கலவைகளில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 வரைதான். ஹில் 1948-இல் முன்வைத்த விதியில் இந்த மதிப்பை 1.8 என இட்டால் கூடுதல் எதிர்ப்பு 31 விழுக்காடாக உயர்கிறது, 0.7 என இட்டால் 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குகிறது. வளைக்கும் விசையும் அதைத் தொடர்ந்து ஸ்பிரிங்பேக்கும் இதே போக்கில் மாறும் என்பதால், இது தள்ளிவிடக்கூடிய வித்தியாசம் அல்ல.

எஃகுக்கு ஹில் விதி பழகிய, வசதியான கருவி. லாங்ஃபோர்டு மதிப்பு ஒன்றுக்குக் கீழே போகும் அலுமினியத்தில் அதன் கணிப்பு நம்பகம் இழக்கிறது. இருதிசை இழுவையில் அலுமினியம் உண்மையில் காட்டும் எதிர்ப்பை அது குறைத்தே மதிப்பிடுகிறது. அலுமினியத்தை மனத்தில் வைத்தே உருவான பார்லாட் விதிகள், குறிப்பாக 2003-இல் வெளியான ஒய்எல்டி2000-2டி, இங்கே மேலானவை. ஆனால் அதற்கு உருட்டு திசையோடு 0, 45, 90 டிகிரியில் வெட்டிய தகட்டுத் துண்டுகளின் இழுவைச் சோதனைகளோடு இருதிசைச் சோதனையும் வேண்டும். நேர்கோட்டில் ஒற்றை வளைவுக்கு அந்தச் செலவு அதிகம்; விளிம்பு வளைந்து செல்லும் பாகங்களில் அது தன் விலையைத் திருப்பித் தந்துவிடும்.

சோதனை முடிந்த இடத்துக்கு அப்பால்

இனி, பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடத்துக்கு வருவோம். வளைவின் வெளிப்பரப்பில் ஏற்படும் திரிபைக் கணக்கிடுவது எளிது: ஆரம் தடிமனைப் போல் ஐந்து மடங்கானால் 9 விழுக்காடு, இரு மடங்கானால் 20 விழுக்காடு, ஆரமும் தடிமனும் சமமானால் 33 விழுக்காடு. இழுவைச் சோதனையோ, சோதனைத் துண்டு ஓரிடத்தில் இளைக்கத் தொடங்கும்வரைதான் நேரடியாக நம்பத்தக்க தகைவு-திரிபுக் கோட்டைத் தரும். மைல்டு ஸ்டீலில் அந்த எல்லை 20 விழுக்காட்டைத் தாண்டும். 6061-டி6 அலுமினியத்திலும் வலிமை மிகுந்த டூயல் ஃபேஸ் எஃகுகளிலும் அது 10 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கும் கீழேயோ நின்றுவிடும். ஆகவே இறுக்கமான ஆரத்தில் இந்த உலோகங்களை வளைக்கும் கணிப்பு, அளந்த தரவின் மேல் நிற்பதில்லை. அளந்த கோட்டை நாம் எந்தச் சமன்பாட்டால் நீட்டினோமோ அதன் மேல்தான் நிற்கிறது.

அங்கே போட்டி ஸ்விஃப்ட் சமன்பாட்டுக்கும் வோச்சே சமன்பாட்டுக்கும் இடையில். ஸ்விஃப்ட் கோடு திரிபு கூடக்கூட ஏறிக்கொண்டே இருக்கும். வோச்சே கோடு ஓர் உச்சத்தை நெருங்கித் தட்டையாகிவிடும். அளந்த பகுதியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திவிடுவதால், எது சரி என்று அந்தப் பகுதியைப் பார்த்துச் சொல்லவே முடியாது. 30 விழுக்காட்டுத் திரிபில்தான் அவை பிரிந்து நிற்கும். திரிபு கூடும்போது உலோகம் வலுப்பெறுவதாகிய இறுக்கம், அலுமினியத்தில் தேங்கிப்போகும் இயல்புடையது என்பதால் வோச்சே அதற்கு இயல்பாகப் பொருந்துகிறது, மைல்டு ஸ்டீலுக்கு ஸ்விஃப்ட் பொருந்துகிறது. டூயல் ஃபேஸ் எஃகு இரண்டுக்கும் நடுவே விழுவதால், இரண்டையும் ஒரு விகிதத்தில் கலந்து பயன்படுத்துவது நடைமுறை. மைல்டு ஸ்டீலுக்கென எழுதிய ஸ்விஃப்ட் கோப்பைப் பிரதியெடுத்து, எண்களை மட்டும் மாற்றி அலுமினியத்துக்கு ஓட்டினால், வலைப்பின்னல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் வெளிப்பரப்பின் தகைவு மிகையாகவே வரும்.

304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இந்தத் தொல்லை இல்லை. இளைக்கத் தொடங்கும்வரையிலான அதன் சீரான நீட்சி 40 விழுக்காட்டைத் தாண்டிச் செல்வதால் அளந்த கோடே போதுமானது. அதன் சிக்கல் வேறு. வளைக்கும்போதே அதன் உள்ளமைப்பில் ஒரு பகுதி, காந்தம் ஈர்க்கும் கடினமான மார்ட்டென்சைட்டாக மாறுகிறது. வளைத்த இடம் மட்டும் காந்தத்தில் லேசாக ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இந்த மாற்றம் வெப்பம் ஏறினால் மட்டுப்படும் என்பதால், மெதுவாகச் செய்த சோதனையின் கோடு வேகமாக இயங்கும் பிரஸ்ஸுக்கு அப்படியே பொருந்தாது. இன்னொன்று, டையின் அடி வரை தகட்டை அழுத்தாத ஏர் பெண்டிங்கில் உள்ஆரம் நாம் கொடுக்கும் எண் அல்ல, கணிப்பிலிருந்து வெளிவரும் எண். மைல்டு ஸ்டீலில் அது வி-பள்ளத்தின் அகலத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு என்றால், இறுகும் தன்மை மிகுந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 20 விழுக்காட்டை எட்டுகிறது.

திசை திரும்பும் திரிபு

டூயல் ஃபேஸ் எஃகைப் பற்றிப் பேசினால் யோஷிதா-உவேமோரி மாதிரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு பக்கமாக இழுத்த உலோகத்தைத் திருப்பி அழுத்தினால் அது எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே நெகிழத் தொடங்கும். 19-ஆம் நூற்றாண்டிலேயே பௌஷிங்கர் கண்டறிந்த விளைவு இது. உலோகம் எல்லாத் திசையிலும் சமமாக இறுகுவதாகக் கொள்ளும் ‘திசையொத்த இறுக்கம்’ எனும் எளிய மாதிரி இதை அறியாது. திரிபு திரும்பிய பிறகு அது காட்டும் தகைவு மிகையானது, எனவே ஸ்பிரிங்பேக்கையும் பெரும்பாலும் மிகைப்படுத்துகிறது. 2002-இல் வெளியான யோஷிதா-உவேமோரி மாதிரி இந்த முன்னதான நெகிழ்வையும், திரும்பிய பின் இறுக்கம் சற்று நேரம் தேங்கி நிற்பதையும் சேர்த்து விவரிக்கிறது.

ஆனால் அது எங்கும் வேண்டியதா என்றால் இல்லை என்றே சொல்வேன். எளிய வி-வளைவில் வெளிப்பகுதி இழுபட்டுக்கொண்டே போகிறது, உட்பகுதி அழுந்திக்கொண்டே போகிறது. அழுத்தம் நீங்கும் இறுதிக் கட்டத்தைத் தவிர எதுவும் திசை திரும்புவதில்லை. டையின் முனையைத் தாண்டிச் சரிந்து செல்லும் யு-வடிவ இழுப்பில்தான் தகட்டின் ஒவ்வொரு துண்டும் முதலில் வளைந்து, பின்பு நிமிர்த்தப்படுகிறது. 1993-இல் ஜப்பானில் நடந்த, தகடு வடிவாக்கக் கணிப்புக்கான நியூமிஷீட் மாநாட்டின் ஒப்பளவுச் சோதனைகளில் யு-வளைவு இடம்பெற்றதும், அதன் பக்கச்சுவர் சுருண்டுகொள்வதைக் கணிப்பது கடினமாக இருந்ததும் இதனால்தான். தகட்டை டையின் அடி வரை அழுத்தும் முறையிலும் வளைவின் இரு பக்கத் தகடுகளும் முதலில் மிகையாக மடங்கி, பிறகு தட்டையாக்கப்படுவதால் அதே நிலை ஏற்படுகிறது. இந்த மாதிரிக்கு வேண்டிய எண்களைப் பெற, தகட்டை இழுத்தும் அழுத்தியும் சோதிக்க வேண்டும். மெல்லிய தகடு அழுத்தும்போது புடைத்துக்கொள்ளாமல் இருக்கப் பக்கவாட்டுத் தாங்கிகள் தேவைப்படும், இது எல்லாச் சோதனைக் கூடங்களிலும் கிடைக்கும் வசதி அல்ல.

டூயல் ஃபேஸ் எஃகில் இன்னொரு சங்கதி, என் பார்வையில், பௌஷிங்கர் விளைவுக்கும் முன்னால் கவனிக்க வேண்டியது. திரிபடைந்த எஃகின் அழுத்தத்தை நீக்கும்போது அது திரும்பிவரும் பாதையின் சரிவு, யங் குணகமாக நாம் இட்ட எண்ணைவிடக் குறைவாக இருக்கும். உயர்வலிமை எஃகுகளில் இந்தக் குறைவு ஐந்தில் ஒரு பங்கு வரை போகலாம். ஸ்பிரிங்பேக் அந்த எண்ணுக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், மேலே 3.1 டிகிரி என்று கண்டது 3.9 டிகிரியாகிவிடுகிறது. எளிய மாதிரியிலேயே இந்தத் திருத்தத்தை மட்டும் சேர்த்தால், வி-வளைவைப் பொறுத்தவரை, பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும்.

ஷெல்லா, சாலிடா

ஆரம் தடிமனைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தால், தகட்டை மெல்லிய பரப்பாகக் கொள்ளும் ஷெல் எலிமெண்ட் போதும். அதற்குக் கீழே தடிமன்வாக்கில் எழும் தகைவையும், இழுபடாமலும் அழுந்தாமலும் இருக்கும் நடுநிலை அடுக்கு உட்புறம் நகர்வதையும் ஷெல் கணக்கில் கொள்ளாது. அங்கே தடிமனுக்குள் பல அடுக்குகளாக அமைத்த முப்பரிமாணச் சாலிட் எலிமெண்ட்தான் பொருத்தம். ஷெல்லில் தகைவைக் கணக்கிட்டுக் கூட்டும் தொகையீட்டுப் புள்ளிகளைத் தடிமனுக்குள் எத்தனை வைப்பது என்பதும் உலோகத்தைப் பொறுத்தது. நமது எடுத்துக்காட்டில் நெகிழாமல் மீள்தன்மையோடு எஞ்சும் நடுப்பகுதி மைல்டு ஸ்டீலில் தடிமனில் ஒரு விழுக்காடுதான். 6061-டி6-இல் அது 4 விழுக்காட்டைத் தாண்டுகிறது, டைட்டேனியத்தில் 8 விழுக்காட்டை எட்டுகிறது. இந்த எல்லையில் தகைவு சட்டென மாறுவதால், ஐந்து புள்ளிகளில் நின்றுவிடும் கணிப்பு தடுமாறக்கூடும். ஏழோ ஒன்பதோ வைப்பது பாதுகாப்பு.

நேரத்தை மிகச் சிறு படிகளாக நகர்த்திச் செல்லும் எக்ஸ்பிளிசிட், ஒவ்வொரு படியிலும் சமநிலையைத் தீர்க்கும் இம்பிளிசிட் என்ற தீர்வு முறைகளின் போட்டியில் உலோகத்துக்குப் பெரிய பங்கில்லை. வளைப்பதை எக்ஸ்பிளிசிட் முறையிலும் விரிவை இம்பிளிசிட் முறையிலும் கணிப்பது வழக்கம். தனி வி-வளைவை முழுவதுமே இம்பிளிசிட்டில் முடித்துவிடலாம். சுவையான ஒரு செய்தி உண்டு: எக்ஸ்பிளிசிட் முறையின் காலப்படி, உலோகத்தில் ஒலி செல்லும் வேகத்தைப் பொறுத்தது. எஃகு, அலுமினியம், டைட்டேனியம், மெக்னீசியம் ஆகிய நான்கிலும் யங் குணகத்தை அடர்த்தியால் வகுத்தால் கிட்டத்தட்ட ஒரே எண் வருவதால், ஒலியின் வேகம் நான்கிலும் வினாடிக்கு 5,000 மீட்டரை ஒட்டியே அமைகிறது. ஒரு மில்லிமீட்டர் எலிமெண்டுக்குக் காலப்படி ஏறத்தாழ 0.2 மைக்ரோவினாடி, உலோகம் மாறினாலும் கணினி ஓடும் நேரம் மாறாது.

மெக்னீசியம் மட்டும் இந்தப் பட்டியலில் தனித்து நிற்கிறது. ஏஇசட்31 என்ற மெக்னீசியக் கலவைத் தகடு அறை வெப்பநிலையில் இழுவையைவிட அழுத்தத்தில் எளிதாக நெகிழும். உட்புறம் எளிதில் விட்டுக்கொடுப்பதால், மற்ற உலோகங்களில் உள்நோக்கி நகரும் நடுநிலை அடுக்கு இங்கே வெளிநோக்கி நகர்கிறது. வளைவில் தகடு மெலிவதற்குப் பதில் தடிப்பதும் உண்டு. இழுவைக்கும் அழுத்தத்துக்கும் ஒரே எல்லையை வைக்கும் ஹில், பார்லாட் விதிகள் எதனாலும் இதைச் சொல்ல முடியாது. 2006-இல் கசாக்கு, பிளங்கெட், பார்லாட் மூவரும் முன்வைத்த விதி போன்றவை வேண்டும்.

விரிசலைக் கணிப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. தகடு எவ்வளவு திரிபைத் தாங்கும் என மென்பொருள் காட்டும் உருவாக்க எல்லை வரைபடம் தகடு இளைப்பதை வைத்து வரையப்பட்டது. வளைவில் உட்பகுதி தாங்கிக்கொள்வதால் இளைப்பு தள்ளிப்போகிறது, வெளிப்பரப்பு வேறு காரணத்தால் வெடிக்கிறது. 6061-டி6 போன்ற கலவைக்கும் டூயல் ஃபேஸ் எஃகுக்கும் அந்த வரைபடத்தின் பச்சை நிறத்தை நம்பாமல், ஜெர்மன் வாகனத் தொழில் சங்கத்தின் விடிஏ 238-100 வளைப்புச் சோதனை தரும் கோணத்தோடு ஒப்பிடுவதே முறை.

இத்தனைக்கும் பிறகு, மாதிரிகளுக்கிடையிலான வித்தியாசத்தை வாங்கிய தகட்டின் வித்தியாசமே விழுங்கிவிடலாம். டிசி04 வகை மைல்டு ஸ்டீலுக்கு ஐரோப்பியத் தரநிலை அனுமதிக்கும் யீல்டு தகைவு 140 முதல் 210 மெகாபாஸ்கல் வரை. நமது வளைவில் அது 0.9 டிகிரியிலிருந்து 1.4 டிகிரி வரையிலான ஸ்பிரிங்பேக். அரை டிகிரி துல்லியம் கேட்கும் பாகத்துக்கு, மாதிரியை மேம்படுத்தும் முன் இந்த இரு முனைகளிலும் ஒருமுறை கணிப்பை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.